ட்ரெய்லரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு: திருவொற்றியூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

லாரி பார்ப்பதற்காக யாராவது கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போவார்களா என்று என் மாமியார் கேட்டார். நாங்கள் போனோம். நானும் என் மகள் முகியும், பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை.

முகிக்கு ஏழு வயது. நீலாம்பூர் பைபாஸில் ஒருநாள் சிக்னலில் நின்றபோது எங்கள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி வந்து நின்று ‘புஸ்ஸ்ஸ்’ என்றது. "ஏம்மா, லாரி எதுக்குப் பெருமூச்சு விடுது? அதுக்குக் களைப்பா?" என்றாள். பிரேக் சத்தம் என்றேன். பிரேக் எதற்கு மூச்சு விட வேண்டும் என்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து வீடியோக்கள் காட்டினேன். வெளிநாட்டு லாரிகள், ஆங்கில விளக்கம். இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா கூப்பிட்டாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். கணவர் சேவியர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறார். "அவரு ஞாயித்துக்கிழம தெருப் புள்ளைங்களுக்கு வண்டிய காட்டப் போறாருடி. உன் பொண்ண இட்டுகினு வா" என்றாள். அன்று இரவே டிக்கெட் போட்டேன்.

இரவு ரயில், ஸ்லீப்பர் வகுப்பு, ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம். (ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். முதல்முறை போகிறவர்கள் இதில் ஏமாந்துவிடுகிறார்கள்.) சென்ட்ரலில் இறங்கி அங்கேயே கீழே போய் மெட்ரோ பிடித்தோம். விம்கோ நகர் போகிற ரயில். திருவொற்றியூர் தேரடிக்கு ஆளுக்கு முப்பது ரூபாய், அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி, மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே ஓடுகிறது. கிழக்குப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். கட்டடங்களுக்கு இடையில் திடீர் திடீரென்று கடல் வந்து போகும்.

தேரடியில் ஆட்டோக்காரர், "எங்கக்கா, கோயிலுக்கா?" என்றார்.

"இல்லைங்ணா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம். லாரி பாக்க வந்தோம்."

அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "லாரியா? ஒரு நாளாச்சும் அத்த பாக்காம இருந்தா போதும்னு நாங்க வேண்டிகினு கீறோம். நீங்க இன்னாடான்னா டிக்கெட் எடுத்துகினு வந்து பாக்குறீங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை என்பது பிறகு புரிந்தது.

எண்பது ரூபாய் பேசி, கூட இருபது கொடுத்தால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு சுற்று காட்டுவதாகச் சொன்னார். அந்த இருபது ரூபாய் வீண் போகவில்லை. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரையில் கடல் அடிக்கிறது. இன்னொரு பக்கம், துறைமுகத்தை நோக்கி வரிசையாக ட்ரெய்லர்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று கன்டெய்னர்கள், ஒன்றன் பின் ஒன்றாக. ஞாயிறு என்பதால் வரிசை குறைவாம். ஒரு டிரைவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். இன்னொருவர் ட்ரெய்லருக்கு அடியில் தொங்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து ஸ்டவ்வை வெளியே எடுத்தார். முகி ஒரு வண்டியின் டயர்களை எண்ணி, நம்ப முடியாமல் மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டு.

ஸ்டெல்லா வீடு அங்கிருந்து இரண்டு தெரு உள்ளே, இரண்டாவது மாடி. சேவியர் அண்ணா ராயபுரத்துக்காரர். அவருடைய அப்பாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உயரமான மனிதர், ஆனால் பேச்சு ரொம்பக் குறைவு. இட்லி சாப்பிடும்போது, எதனால் இப்படி ஒரு யோசனை என்று கேட்டேன்.

"போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு வண்டிக்கு முன்னால ஓடுச்சிம்மா" என்றார். "நா பாக்கவே இல்ல. சைடுல நின்னுகினு இருந்த பூக்காரம்மா கத்துச்சி, பிரேக்க மிதிச்சேன். அந்தப் பொண்ணு சிரிச்சிகினே ஓடிப் போயிடுச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியல."

அந்தக் குழந்தை வண்டியைப் பார்த்தபடியே ஓடியதாகப் பூக்காரம்மா பிறகு சொன்னாராம். டிரைவர் பார்த்துவிட்டார், நிறுத்திவிடுவார் என்று அது நம்பியிருக்கும் என்றார் அண்ணா. அந்த நம்பிக்கைதான் அவரைத் தூங்கவிடவில்லை. வண்டி முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வண்டி கேட்டார். முதலாளி இரண்டு முறை முடியாது என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறை, டீசல் உன் செலவு என்று சம்மதித்தாராம்.

பத்து மணிக்கு, தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்துக்கு வண்டி வந்தது. நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர், கன்டெய்னர் காலி. வாசலில் நின்று பார்த்தால் ஒரு தெருவே நகர்ந்து வருவதுபோல் இருந்தது. நாற்பது பிள்ளைகளாவது கூடிவிட்டார்கள். வண்டி நின்றது. ‘புஸ்ஸ்ஸ்’.

"மாமா! இது எதுக்குப் பெருமூச்சு விடுது?" முகி முந்திக்கொண்டாள்.

சேவியர் அண்ணாவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கழுத்தைச் சொறிந்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு, "அது காத்துமா" என்றார். "பிரேக்க இறுக்கிப் புடிக்கிறதுக்கு உள்ள பெரிய ஸ்பிரிங்கு கீது. எப்பவும் புடிச்சிகினே இருக்கும். காத்து ரொப்புனா தான் அது வுடும், வண்டி ஓடும். நிறுத்தும்போது காத்த வெளிய வுட்ருவோம். ஸ்பிரிங்கு கப்புன்னு புடிச்சிக்கும்."

"அப்ப காத்து போனா வண்டி நின்னுருமா?"

"ஆமா. எங்கனா ஓட்ட வுழுந்து காத்து போச்சின்னா கூட, வண்டி ஓடிப் போவாது. நின்னுடும்."

ஒரு பையன், "நம்ம சைக்கிள் காத்து போனா அதுவும் தான் நின்னுடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். அதன்பிறகு அவருக்குக் கூச்சம் போய்விட்டது.

முன்னால் இருப்பது இழுக்கிற வண்டி, பின்னால் இருப்பது வெறும் சட்டம், இரண்டும் வேறு வேறு என்று காட்டினார். முன்வண்டியின் முதுகில் கிரீஸ் தடவிய வட்டமான இரும்புத் தட்டு; அதில் சட்டத்தின் அடியிலிருக்கும் ஒரு தடித்த முளை வந்து மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய பாரத்தை இழுப்பது அந்த ஒற்றை முளைதான். கன்டெய்னரின் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகளைப் பிள்ளைகளையே திருகிப் பார்க்கச் சொன்னார். லோடு ஏற்றினால் வண்டியோடு சேர்த்து நாற்பது டன்னைத் தாண்டும் என்றதும், அது எத்தனை யானை என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எட்டா பத்தா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் குமுதா வந்தார்.

காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்பவர். ஞாயிறு அவருக்கு நல்ல வியாபார நாள். தலையில் அன்னக்கூடையோடு நேராக நடந்து வந்து, வண்டிக்கு முன்னால் கூடையை இறக்கிவைத்தார்.

"இன்னாத்துக்கு இந்த எமன எங்க ஏரியாக்குள்ள கொண்டாந்த?"

ஸ்டெல்லா என் காதில் சொன்னாள். குமுதாவின் மகன் கார்த்தி, இரண்டு வருடத்துக்கு முன் சைக்கிளில் கடைக்குப் போனபோது, தெருமுனையில் இடதுபுறம் திரும்பிய ஒரு ட்ரெய்லரில் சிக்கிவிட்டான். இடது காலில் மூன்று ஆபரேஷன். இப்போது நடக்கிறான். ஆனால் அந்தக் கால் சற்றுக் கட்டை. அந்த டிரைவர் வேறு யாரோ. சனங்கள் கத்திய பிறகும் வண்டி சில அடி நகர்ந்துவிட்டுத்தான் நின்றதாம்.

"குமுதாம்மா, புள்ளைங்க பத்தரமா இருக்கணும்னு தான்…" என்று சேவியர் அண்ணா ஆரம்பித்தார்.

"பத்தரமா ஓட்டணும்னு டிரைவருங்களுக்குச் சொல்லு. புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்ற? தப்பு எங்க புள்ளைங்க மேலயா?"

குமுதா கேட்டது நியாயம்.

கார்த்தி கூட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறான். பத்து வயது, ஒரு செருப்பின் அடி மட்டும் தடிமனாக இருந்தது. அம்மாவிடம் வந்து, "ம்மா, நா மேல ஏறிப் பாக்கட்டா?" என்றான்.

"காலு ஒடையும்."

"ஒரு தபா மா. டிரைவரு சீட்டுலேர்ந்து எப்டி தெரியும்னு பாக்கணும்."

குமுதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகினார். "நீ ஏற வாணாம். நா பாக்குறேன்" என்றார்.

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்திருந்தார்கள். குமுதா கம்பியைப் பிடித்து மூன்று படி ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மேலே அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"கார்த்தி, நீ அன்னிக்கு எங்க நின்ன? அங்க போய் நில்லு" என்றார்.

கார்த்தி யோசிக்கவே இல்லை. வண்டியின் முன்பக்கம், இடது மூலையில், கதவுக்குக் கீழே போய் நின்றான்.

குமுதா இடது கண்ணாடியைப் பார்த்தார். எட்டி முன்னால் பார்த்தார். மறுபடி கண்ணாடி.

"நின்னுட்டியா?"

"நின்னுகினு தான்மா கீறேன்!"

"எங்கடா?"

"தோ, இங்க!" கையைத் தூக்கி ஆட்டினான். குதித்தான்.

"கார்த்தி!" அவர் குரல் மாறிவிட்டது. "டேய், எங்கடா கீற?"

கார்த்தி அந்தக் கதவிலிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கீழே இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்தான். அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை.

குமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தாளு பாத்துகினே ஏத்திட்டான்னு தான் ரெண்டு வருசமா நெனச்சிகினு கீறேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இத்தோடு எல்லாம் சமாதானமாகிவிடும் என்று நான் நினைத்தேன். குமுதா அப்படிப்பட்டவர் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏன் சேவியரு, இங்கேர்ந்து தெரியாதுன்னு உனுக்குத் தெரியும் இல்ல?" என்றார்.

"தெரியும்மா."

"தெரிஞ்சே தான ஓட்றீங்க எல்லாரும்? அப்போ அந்த மூலைல ஒரு கண்ணாடி ஏன் வெக்கல?"

"வட்டக் கண்ணாடி ஒண்ணு வெச்சா கொஞ்சம் தெரியும். புது வண்டில வருது. இது பழசு. ஓனரு கைல சொல்லிகினு தான் கீறேன்…"

"நம்பரு போட்டுக் குடு."

சேவியர் அண்ணா தயங்கியபடி போனில் முதலாளியைக் கூப்பிட்டு, மேலே நீட்டினார். குமுதா ஸ்பீக்கரில் போட்டார். "சார், வணக்கம். உங்க வண்டில குந்திகினு தான் பேசுறேன்" என்று ஆரம்பித்து, யார் என்ன என்று சொல்லி, கண்ணாடி விஷயத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா, பாக்கலாம்" என்று குரல் வந்தது.

"இன்னாத்த சார் பாக்கலாம்? இங்கேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியலன்னு தான சொல்றேன்!"

மைதானமே சிரித்தது. போனிலும் ஒரு சிரிப்புக் கேட்டது. வைக்கிறேன் என்று அந்த மனிதர் சொன்னார். எப்போது என்று கேட்டு, ஒரு மாதம் என்று சொல்லவைத்த பிறகுதான் குமுதா போனைக் கொடுத்தார்.

அதற்குள் ஒரு சிறுமி வீட்டுக்கு ஓடிப்போய்க் கோலமாவு டப்பாவோடு வந்துவிட்டாள். குமுதா சீட்டை விட்டு இறங்கவே இல்லை. "நடங்கடா, வண்டிய வுட்டுத் தள்ளிப் போய்கினே இரு. ஆங், இப்போ தெரியுது உன் தல. அங்கியே போடு கோடு!" என்று மேலிருந்து கத்த, பிள்ளைகள் ஒவ்வொருவராக நடந்து, அவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மாவைக் கொட்டினார்கள். முகியும் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தபோது வண்டியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வந்தது. வலது பக்கம் குறுகல். முன்னால் நான்கு பெரிய எட்டு வைக்கும் தூரம். இடது பக்கம் மட்டும் கோடு மைதானத்தில் பாதி தூரம் போய்விட்டது.

"இதுக்குள்ள நின்னா நீ இல்லன்னு தான் அர்த்தம்" என்றார் சேவியர் அண்ணா. "டிரைவரு மூஞ்சி உனுக்குத் தெரியுதான்னு பாரு. தெரியலன்னா, நீயும் அவருக்குத் தெரியல. நம்பி ரோட்ட தாண்டாத."

கடைசியாக ஒன்று காட்டினார். எல்லோரையும் தூரத்தில் கட்டிய ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தி, இடதுபுறம் திரும்பும் வழியின் உள்பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்தார்கள். முன் சக்கரம் போகும் தடத்திலிருந்து அவை நன்றாகவே தள்ளி இருந்தன. எது நசுங்கும் என்று கேட்டார். முன் சக்கரம் படாது, அதனால் ஒன்றும் நசுங்காது என்றார்கள் பிள்ளைகள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எல்லாமே நசுங்கும்" என்றான் கார்த்தி.

வண்டி மெதுவாகத் திரும்பியது. முன் சக்கரங்கள் பாட்டில்களை விட்டு விலகி வளைந்து போயின. ஆனால் பின்னால் வந்த ட்ரெய்லர் அதே வழியில் வளையவில்லை. குறுக்கே வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வந்தது. பட், பட், பட் என்று ஒவ்வொன்றாக எல்லா பாட்டில்களும் தட்டையாயின. யாரும் கைதட்டவில்லை. குமுதா மகனின் தோளில் கை வைத்திருந்தார். முகி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வண்டி மைதானத்தை விட்டுக் கிளம்பியது. பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று கையாட்டினார்கள். வண்டி போன பிறகும் ஒருவர்கூடக் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை. குமுதா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வஞ்சிரம் கீது, யாருக்கு வோணும்?" என்று கூவியபடி அடுத்த தெருவுக்குப் போனார். கார்த்தி பின்னாலேயே போனான்.

மாலையில் மெட்ரோவில் திரும்பி, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். காரம் குறைவாகக் கேட்டு வாங்கினால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். முகி ஒரு தட்டை முழுதாக முடித்தாள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய வண்டிகள் மேல் ஆசை என்றால் எண்ணூர் பக்கம் கூட்டிப்போங்கள். ஞாயிறு காலை நல்லது. துறைமுகத்துக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள், அதற்காக முயற்சி செய்ய வேண்டாம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்காமலே பாருங்கள். அங்கே நடைபாதையை நம்ப முடியாது. தூசி அதிகம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள். தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால், வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு உங்கள் பிள்ளையை ஒருமுறை அந்த சீட்டில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். வெளியே உங்கள் குடும்பத்தில் ஒருவரை நிற்கச் சொல்லித் தேடிப் பாருங்கள். காரில் ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் நான் இப்போதெல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

முதலாளி சொன்ன ஒரு மாதம் ஒன்றரை மாதமானது. சேவியர் அண்ணா வண்டியிலும் இன்னும் இரண்டு வண்டிகளிலும் வட்டக் கண்ணாடி வந்துவிட்டது. மற்றவற்றுக்காகக் குமுதா வாரம் தவறாமல் போன் செய்கிறாராம்.

போன ஞாயிறு எண்ணூரில் ஒரு தெருவில் இதையே நடத்தியிருக்கிறார்கள். சேவியர் அண்ணா வண்டியை மட்டும் கொண்டுபோனார். பேசியது முழுக்கக் குமுதா. அவர் டிரைவர் சீட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தை ஸ்டெல்லா எனக்கு அனுப்பினாள். கண்ணாடிக்கு வெளியே வெயில், காலி ரோடு, தூரத்தில் ஒரு மின்கம்பம். வேறு எதுவும் இல்லை. எதற்கு இதை அனுப்புகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த செய்தி வந்தது.

"இந்தப் போட்டோல முப்பது புள்ளைங்க கீறாங்க. நம்ம கண்ணுக்கு தான் தெரியல. அது அவங்க எல்லாருக்கும் இப்போ தெரியும்."